பொன்னையன் கெடுத்த சைக்கிள்கள்

பொன்னையனுக்குப் பேத்தி பிறந்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. இந்த இருபத்தோரு நாளும், உதியன்குளங்கரைக்குத் தெற்கே கால்வாய்க் கரையில் இருக்கும் அவருடைய சைக்கிள் கடை பாதி நேரம் பூட்டித்தான் கிடந்தது. திறந்திருந்தாலும், காற்றடிக்க வந்த ஆள் சும்மா போய்விட முடியாது. கையைக் கைலியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, குழந்தை கொட்டாவி விடும் படத்தைக் காட்டுவார். ஒரே கொட்டாவியை மூன்று பக்கமிருந்து எடுத்து வைத்திருந்தார். மூன்றையும் பார்த்த பிறகுதான் பம்பு கைக்கு வரும்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. மகள் ரெஜிலாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த முதல் குழந்தை. பிறந்தபோது எடை இரண்டே கால் கிலோதான். அதனால் அந்த வார்டின் சுகாதார ஊழியர், ஆஷா வர்க்கர் ஜிஷா நாள் கணக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துப் போவாள். தோளில் ஒரு பை, பைக்குள் தொங்கும் தராசு, காய்ச்சல் பார்க்கிற கருவி, கை கழுவச் சோப்பு. குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று ஏழாம் நாள் முதலில் கண்டுபிடித்தது அவள்தான். ரெஜிலாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குழந்தையை எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். பதினாலாம் நாள் எடை ஏறியிருந்தது. அன்று பொன்னையன் பலாமரத்தடிக்குப் போய், யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவள் பன்னிரண்டாகியும் வரவில்லை. பொன்னையன் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீடு மேட்டில். கால்வாயிலிருந்து வீடு வரைக்கும் செம்மண் ஏற்றம். அந்த ஏற்றத்தில் ஜிஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கியர் சைக்கிள். பொன்னையன் தன் கையால் மூன்று முறை பழுது பார்த்துக் கொடுத்த அதே சைக்கிள். ஏற்றத்தில் லேசாக மிதித்து ஏறுவதற்கென்றே கியர் வைத்த ஒரு வண்டியை ஒருத்தி நெஞ்சோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், அவர் நாலடி பின்னால் போய்த் தூணோடு தூணாக நின்றார்.

வந்தவள் வியர்வையில் குளித்திருந்தாள். பொன்னையனின் மனைவி ஆனந்தபாய் கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள். ஜிஷா குடித்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஆனால் குழந்தையைத் தொடவில்லை.

"கையி கொதிக்குது அக்கா. இப்படித் தொட்டா கொச்சு அரண்டுபோவும். ஆறட்டு" என்றாள்.

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் அப்படியே இருந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் பொன்னையன் அவள் உள்ளங்கையைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

குழந்தை இரண்டு கிலோ தொள்ளாயிரம் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு. அப்போதுதான் ஆனந்தபாய், ஏன் இவ்வளவு நேரமாகிவிட்டது என்று சாதாரணமாகக் கேட்டாள். ஜிஷாவும் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் வார்டில் நாலு ஏற்றம். முன்பு ஒரு காலையில் ஆறு வீடு போவாள், இப்போது மூன்று வீட்டுக்கே தலை சுற்றுகிறது. இந்தச் சைக்கிள் அவள் புருஷன் உண்ணி காட்டாக்கடையில் பழையதாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துடைத்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு மாதம் பறவை மாதிரி ஓட்டினாள். பிறகுதான் கியர் வேலை செய்யாமல் போயிற்று.

"அண்ணைக்கு மாமா பறஞ்சத அப்படியே நான் அவருகிட்ட போய்ப் பறஞ்சேன். ஆரோ உம்ம தலையில கட்டிவிட்ட டூப்ளிகேட்டு சாதனமாக்கும், மண்டன் மாதிரி வாங்கீட்டு வந்து நிக்கியீரு எண்ணு. அம்மையும் கூட இருந்தா. அதுக்குப் பொறவு மனுஷன் வீட்டில வாய் தொறக்கல்ல" என்றாள். "ஞாயிறாச்ச ஆக்ரிக்காரன் வாறான். பழைய இரும்போட இதையும் எடுக்கணும் எண்ணு அவன்கிட்ட மட்டும் பறஞ்சிருக்காரு."

டூப்ளிகேட்டு. அது பொன்னையனுடைய வார்த்தை. கடை வாசலில் ஸ்பானரை ஆட்டிக்கொண்டு சொன்னது. அது அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே, பேத்தியை எடை போட்ட பெண்ணின் வாயிலிருந்து திரும்பி வந்தது.

சைக்கிள் இரண்டு நாள் இங்கே நிற்கட்டும், இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றார். ஜிஷாவுக்கு அது விளங்கவில்லை.

"இனி என்னத்த பாக்க மாமா? பாத்தாலும் காரியமில்ல எண்ணு மாமாதானே பறஞ்சது."

குத்திக்காட்டவில்லை, சந்தேகத்தைத்தான் கேட்டாள். சைக்கிளை விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

பொன்னையன் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பதினோரு வயதில் பாறசாலையில் ஒரு சைக்கிள் கடையில் நின்றார். இருபத்திரண்டில் சொந்தக் கடை. சாதாரண சைக்கிள் என்றால் இருட்டிலும் பிரித்து மாட்டுவார். சக்கரம் வளைந்திருந்தால் விரலை வைத்துச் சுற்றியே எந்தக் கம்பி தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். கியர் சைக்கிள் வந்தபோது மட்டும் அவருக்குக் கை நின்றது. ஏழு பல்சக்கரம், கீழே தொங்கும் கியர், அதில் செயின் புகுந்து வரும் இரண்டு குட்டிச் சக்கரம், இரண்டு குட்டித் திருகு. திருகின் பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. யாரிடமாவது கேட்டிருக்கலாம். நெய்யாற்றின்கரையில் கியர் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் நாற்பது வருஷம் மேஸ்திரி என்று பேர் வாங்கிய மனிதருக்கு 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கியர் தாறுமாறாகத் தாவுகிறது என்று யாராவது வந்தால் எண்ணெய் விடுவார். இரண்டாம் தரம் வந்தால் கேபிளை இறுக்குவார். மூன்றாம் தரம் வந்தால் கேபிளையே கழற்றி எறிந்துவிட்டு, குட்டித் திருகைப் போகும் மட்டும் முறுக்கி, செயினை ஒரே பல்சக்கரத்தில் நிறுத்திவிடுவார். திருகு போகும் மட்டும் போனாலும் செயின் வெளியிலிருந்து மூன்றாவது சக்கரத்தில்தான் நிற்கும். சமநிலத்துக்கு அது போதும். ஏற்றத்துக்கு ஆகாது. அதைச் சொல்ல மாட்டார். சாதனம் மோசம், கம்பெனி மோசம், ஓட்டுகிற ஆள் மோசம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவருடைய கணக்கில் அது பெரிய பொய்யில்லை. கெட்டுப்போய் வந்த வண்டி, தனக்குச் சரியாக்கத் தெரியவில்லை, அவ்வளவுதானே என்று இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைத் திறந்தார். ஜிஷாவின் சைக்கிளைக் கயிறு போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார். இந்தத் தடவை கையை அவசரப்படுத்தவில்லை. முறுக்கிய திருகை முதலில் தளர்த்தினார். புதிய கேபிள் போட்டார், கேபிள் ஓடும் குழாயில் துருவில்லை என்று பார்த்தார். செயினைக் கழுவினார், இணைப்பு இணைப்பாக மடக்கிப் பார்த்தார். தேய்மானமில்லை. பல்சக்கரத்தின் பல் எல்லாம் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெடலைச் சுற்றினால் கதை பழைய கதைதான். சின்ன சக்கரத்தில் செயின் அடங்கி ஓடும்படி கேபிளைச் சரிசெய்தால், பெரிய சக்கரத்தில் கரகரவென்று தாவும். பெரியதில் சரிசெய்தால் சின்னதில் தாவும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போதாத போர்வை மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்கு, ஒரு பழைய பலகையை இழுத்துப்போட்டு, சைக்கிளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் கியரைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார். பின்னாலிருந்து பார்த்தபோது தெரிந்தது. செயின் புகுந்து வரும் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிமிர்ந்து நிற்கவில்லை. அடிப்பக்கம் சக்கரக் கம்பியை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தது. கியர் தொங்குகிற இரும்புக் காது வளைந்திருந்தது. அது வளைந்தால் மேலே என்ன திருகினாலும் சரியாகாது.

நோய் தெரிந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஜிஷா கீழே போட்டிருப்பாள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் கொஞ்சம் சமாதானமாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் தபால் கொண்டுபோகும் குமாரி வந்தாள். பின் சக்கரம் பஞ்சர். அவளுடையதும் கியர் சைக்கிள், புதிது. பொன்னையன் அதை வாங்கினார், ஸ்டாண்டை எடுத்தார், எப்போதும் போல வலப்பக்கமாகத் தரையில் சாய்த்துக் கிடத்தினார், டயரின் மேல் முழங்காலை ஊன்றி அமுக்கினார்.

அது அவர் கையில் நாற்பது வருஷமாக ஊறிய முறை. சாதாரண சைக்கிளில் வலப்பக்கம் செயினும் செயின் மூடியும் இருக்கும். அதனால் வலப்பக்கம் கீழே போக, இடப்பக்கத்திலிருந்து டயரைப் பிதுக்கி டியூபை உருவுவார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், வேலை சுருக்கம். கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கை அப்படித்தான் சாய்க்கும்.

முழங்காலின் கீழே 'கிறுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பொன்னையன் அமுக்கின முழங்காலை எடுக்காமலே தலையைத் தூக்கினார். எதிரே ஜிஷாவின் சைக்கிள் காது வளைந்து தொங்கியது. கீழே குமாரியின் சைக்கிள் முழுப் பாரத்தோடு அதே இடத்தில், அதே கியரின் மேல் கிடந்தது.

அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஜிஷா முதல் தடவை வந்தது கியருக்கில்லை, பஞ்சருக்கு. கியர் கெட்டது அதற்கு இரண்டாம் நாள். கொற்றாமத்து வாத்தியார் முதலில் வந்ததும் பஞ்சருக்கு. அமரவிளை நர்ஸும் பஞ்சருக்கு. பஞ்சருக்கு வந்தவர்கள் எல்லாரும் வாரம் முடிவதற்குள் கியரைக் காட்ட வந்தார்கள். கெட்டுப்போய் வந்த வண்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே, ஒன்றுகூடக் கெட்டு வரவில்லை. எல்லாம் அவர் முழங்காலின் அடியில் கிடந்து கெட்டவை. கெடுத்த கையாலேயே திருகையும் முறுக்கிப் பூட்டி, பழியையும் சொந்தக்காரன் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

குமாரி, என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ தபாலைக் கொடுத்துவிட்டு வா என்றார். அப்போதும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் போனபின் சைக்கிளைத் தூக்கி இடப்பக்கமாகக் கிடத்தினார். கை பழகாத பக்கம். பத்து நிமிஷ வேலைக்கு அரை மணி நேரமாயிற்று. அவளுடைய கியரைப் பின்னாலிருந்து பார்த்தார். மயிரிழை சாய்வுதான். நிமிர்த்திவிட்டார்.

ஜிஷாவின் சைக்கிளுக்கு அன்று மாலை வரை பிடித்தது. பெரிய ஸ்பானரின் வாயில் காதைக் கவ்வி, ஒரு இழுப்பு இழுப்பார், பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார். முரட்டுத்தனமாக இழுத்தால் ஒடிந்தே போகும். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பிறகு இரண்டு திருகையும் செயின் சின்னச் சக்கரத்துக்கு வெளியே விழாமலும் கம்பிக்குள் பாயாமலும் நிறுத்தினார். கேபிளின் மரையை அரை அரைச் சுற்றாகத் திருப்பினார். ஆறு மணிக்கு ஏழு சக்கரத்திலும் செயின் முணுமுணுப்பில்லாமல் ஏறி இறங்கியது. கைலியை மடித்துக் கட்டி, அவரே ஏறி வீட்டு ஏற்றத்தில் மிதித்தார். பாதியில் கியரைத் தள்ளினார். கால் லேசானது. அறுபத்தோரு வயதுக் கால் இறங்காமலே மேட்டில் போய் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய இடம். அவர் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு, ஜிஷா தள்ளிக்கொண்டு வந்த ஏற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ராத்திரிச் சோற்றுக்கு முன் ஆனந்தபாயிடம் சொன்னார். அவள் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். சைக்கிள்தான் சரியாகிவிட்டதே, கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது, இதை ஊர் முழுக்க விளம்பினால் நாளைக்கு ஒருத்தன் காற்றடிக்கவாவது கடைக்கு வருவானா என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பொன்னையனும் சனிக்கிழமை முழுவதும் அதைத்தான் யோசித்தார். ஆனால் சைக்கிள் சரியானால் உண்ணி சரியாவானா? பொன்னையன் மேஸ்திரி டூப்ளிகேட்டு சாதனத்தைக்கூட ஓடவைத்துவிட்டார் என்று பேராகும். உண்ணி என்றைக்கும் ஏமாந்துபோன மண்டனாகவே இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளோடு ஏலா வயல் தாண்டி ஜிஷா வீட்டுக்குப் போனார். உண்ணி ஈர ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். ஜிஷாவின் அம்மா விஜயம்மா படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆக்ரிக்காரனுக்கு என்று பழைய இரும்பெல்லாம் கேட்டின் அருகில் குவிந்திருந்தது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஜிஷா ஏறினாள், வேலியைச் சுற்றிச் சந்து ஏற்றத்தில் போனாள், கியரை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமாக்க கையி ஒரு கையாக்கும். டூப்ளிகேட்டையும் ஒறிஜினலாக்கீட்டாரு."

உண்ணி திரும்பவில்லை. ஷீட்டின் மடிப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பொன்னையன் அப்படியே போய்விடலாம். கேட் திறந்துதான் இருந்தது. சபையில் முதல் மணி அடித்துவிட்டது என்று ஒரு காரணமும் இருந்தது.

"மக்கா, இது டூப்ளிகேட்டு அல்ல. நல்ல சைக்கிளு. கெடுத்தது நானாக்கும்" என்றார்.

ஜிஷா, என்ன சொல்கிறீர்கள் மாமா என்று கேட்டாள். பஞ்சர் ஒட்டச் சாய்த்ததையும், காது வளைந்ததையும், தெரியாமல் பழியைச் சைக்கிள் மேல் போட்டதையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்தபோது உண்ணி ஷீட்டை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தான்.

"என்னவாம்? எதுக்காக்கும் பொன்னையன் இப்படித் தலை தூக்காம நிக்குது?" என்றாள் விஜயம்மா. அவளுக்குக் காது மந்தம்.

ஜிஷா, ஒன்றுமில்லை அம்மா என்றாள். உண்ணி கையைக் காட்டி அவளை நிறுத்தினான். அவன் அந்த வீட்டில் ரொம்ப நாள் கழித்துப் பேசிய பேச்சு அதுதான்.

"அண்ணே, அம்மைக்குக் கேக்கல்ல. அண்ணைக்கு அம்மை முன்னால வச்சுத்தானே நான் மண்டனானேன். சத்தமாட்டுப் பறயும்."

பொன்னையன் கிட்டே போய், குனிந்து சொன்னார். விஜயம்மா காதைத் திருப்பிக் காட்டினாள். இன்னும் சத்தமாகச் சொன்னார். சைக்கிள் என்று மட்டும் கேட்டது போல, ஆமா, அது கெட்ட சாதனம் என்று தலையாட்டினாள். மூன்றாம் தரம் பொன்னையன் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, முழுத் தொண்டையையும் திறந்தார்.

"சைக்கிளுக்கு ஒரு கேடும் இல்லம்மா. உம்ம மருமகன் ஏமாறல்ல. நானாக்கும் சைக்கிள கெடுத்தது. கெடுத்துட்டு கள்ளமும் பறஞ்சேன்."

ஏலாவுக்கு அந்தப் பக்கத்தில் புல்லறுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். விஜயம்மா கீரையைக் கீழே வைத்தாள். காது கேளாதவர்கள் பேசுகிற அதே பெருங்குரலில் கேட்டாள்.

"அப்போ எனக்க மருமகன் மண்டனல்ல. உள்ளதா?"

"உள்ளது."

"நீரு மேஸ்திரியாக்கும்?"

பொன்னையனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜிஷாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கொடிப்பக்கம் போய், உண்ணி விட்டுவிட்ட ஈர ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவன் மறுமுனையைப் பிடிக்கும்வரை நின்றாள். உண்ணி போய்ப் பிடித்தான்.

பிடித்தபடியே கேட்டான், "எத்தன பேருக்க சைக்கிளு இப்படிப் போச்சு அண்ணே?"

"பதினொண்ணு ஓர்மையுண்டு. ஓர்மையில்லாதது எத்தனையோ" என்றார் பொன்னையன்.

உண்ணி திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. விஜயம்மாவிடம் கத்திச் சொன்னதோடு கணக்குத் தீர்ந்தது என்கிற மாதிரியும் இல்லை. கொடியில் ஷீட்டைப் போட்டு, ஓரத்தை நிமிர்த்தினான்.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கருணாகரன். பல் துலக்கிய நுரை வாயில் இருந்தது. துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"எலே பொன்னையா, அப்போ எங்க நந்தனாக்க சைக்கிளு?"

அவருடைய மகள் நந்தனா கல்லூரியில் படிக்கிற பெண். அவளுடைய சைக்கிளும் பஞ்சருக்குத்தான் வந்தது. மறுவாரம் கியர் தாவுகிறது என்று அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அப்போது பொன்னையனுக்குச் சாதனத்தைக் குறை சொல்ல முடியவில்லை. கருணாகரன் புதிதாக, ரசீதோடு வாங்கிய வண்டி. அதனால் வேறொன்று சொன்னார். இந்தப் பிள்ளைக்குக் கியர் போடவே தெரியாது, முரட்டுத்தனமாக இழுத்துக் கெடுத்துவிட்டாள், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று, அவளை முன்னால் நிறுத்திக்கொண்டே சொன்னார். அந்தப் பெண் சைக்கிளின் பெல்லைத் தடவிக்கொண்டு நின்றது இப்போது அவருக்கு நினைவு வந்தது. அன்றிலிருந்து அவள் பஸ்ஸில்தான் போகிறாள்.

"மோளு வீட்டில உண்டா?" என்று பொன்னையன் கேட்டார்.

"உண்டு. எதுக்கு?"

"அவகிட்டயாக்கும் பறயணும்" என்று சொல்லிவிட்டு, பொன்னையன் அடுத்த கேட்டுக்கு நடந்தார்.